பர்ரேசியா என்றால் என்ன: எதிரில் நிற்பவர் யார்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சபையில் நடந்த வேதபாட வகுப்பில் ஒருவர், "நம் பைபிளில் தைரியம் என்று இருக்கிற இடத்தில் கிரேக்கத்தில் பர்ரேசியா என்று இருக்கிறது. அதற்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அர்த்தம். அதனால் உண்மை என்று மனதில் பட்டதை யாராக இருந்தாலும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும்" என்றாராம். வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தால் வெளிப்படை, பேச்சுச் சுதந்திரம், துணிவு, நம்பிக்கை என்று நான்கு அர்த்தம் இருந்ததாம். எது சரி, சொல்லை எப்படி உச்சரிப்பது, பிரெஞ்சுத் தத்துவவாதி ஃபூக்கோ இதைப் பற்றிப் பேசியிருக்கிறாராமே என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், அந்த வகுப்புக்குப் பிறகு சிலர் மற்றவர்களின் குறைகளைக் கூட்டத்தில் வைத்தே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், அதற்கு இந்தச் சொல் இடம் கொடுக்கிறதா என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் இறையியல் மாணவர்களுக்குப் பல வருடங்களாகப் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கற்றுக்கொடுக்கிறேன். பழைய ஏதென்ஸின் நாடகங்களையும் அரசியல் பேச்சுகளையும் இந்தச் சொல்லுக்காகத் தேடிப் படித்திருக்கிறேன், ஆனால் அது என் துறை இல்லை. அதனால் அந்தப் பகுதியில் மூலத்திலேயே தெளிவாக இருப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வகுப்பு எடுத்தவர் சொல்லைப் பிரித்த விதம் சரி. 'பான்' என்றால் எல்லாம், 'ரேசிஸ்' என்றால் பேச்சு. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அங்கிருந்து நேராக "எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்" என்ற கட்டளைக்கு அவர் தாவியதுதான் பிரச்சினை. கிரேக்கர்கள் இந்தச் சொல்லை எழுதிய இடங்களைப் பார்த்தால், பேசுகிறவன் மட்டும் தனியாக இருப்பது அபூர்வம். எதிரே இன்னொருவர் இருப்பார். அவர் சக குடிமகனா, அரசனா, நண்பனா, கூட்டமா, கடவுளா என்பதைப் பொறுத்து அர்த்தம் நகரும். அகராதி நான்கு அர்த்தம் கொடுப்பதற்குக் காரணம் இதுதான். நான்கில் ஒன்றைப் பொறுக்கி எடுப்பதைவிட, ஒவ்வொரு இடத்திலும் "எதிரில் யார் நிற்கிறார், இவனுக்கு இப்படிப் பேச இடம் எங்கிருந்து வந்தது" என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சொல் நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய இடங்களில் சில, ஏதென்ஸின் நாடகக் கவிஞர் யூரிப்பிடிஸின் நாடகங்களில் இருக்கின்றன. கி.மு. 428இல் அரங்கேறிய நாடகம் ஒன்றில் ஃபீட்ரா என்ற அரசி, கணவனுடைய மகன்மேல் தனக்கு வந்த ஆசையை நினைத்து வெட்கிச் சாகத் துணிகிறாள். தன் பிள்ளைகள் ஏதென்ஸில் சுதந்திரமாக, பர்ரேசியாவோடு, தாயின் பெயரால் தலைகுனியாமல் வாழ வேண்டும் என்கிறாள். அடுத்து அவள் சொல்வதுதான் முக்கியம்: நெஞ்சில் எவ்வளவு துணிச்சல் இருந்தாலும் சரி, தாயோ தகப்பனோ செய்த குற்றம் மனதில் இருந்தால் ஒருவன் அடிமையாகிவிடுவான். அதாவது துணிச்சல் இருந்தும் பர்ரேசியா இல்லாமல் போகலாம். இரண்டும் ஒன்றல்ல. இன்னொரு நாடகத்தில் இயோன் என்ற இளைஞன், தன்னைப் பெற்றவள் ஏதென்ஸ்காரியாக இருக்க வேண்டுமே என்று ஏங்குகிறான். வெளியிலிருந்து வந்தவன் பெயருக்குக் குடிமகன் ஆனாலும் அவன் நாக்கு அடிமையின் நாக்குதான் என்கிறான். மூன்றாவதில் ஒரு தாய், நாடு கடத்தப்பட்ட மகனிடம் அந்த வாழ்க்கையில் எது கொடுமை என்று கேட்கிறாள். பர்ரேசியா இல்லாததுதான் என்கிறான் அவன். மனதில் நினைப்பதைச் சொல்ல முடியாதது அடிமையின் நிலை ஆயிற்றே என்று அவள் சொல்ல, ஆள்கிறவர்களின் மடத்தனத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்கிறான்.

இந்த மூன்றிலும் பர்ரேசியா மனதின் குணமாக வரவில்லை, ஊருக்குள் ஒருவனுக்கு இருக்கிற இடமாக வருகிறது. ஏதென்ஸின் மக்கள்சபை ப்னிக்ஸ் குன்றில் கூடும். "யார் பேச விரும்புகிறீர்கள்?" என்று அறிவிப்பாளன் கேட்பான். எந்தக் குடிமகனும் எழுந்து பேசலாம். அந்தச் சம உரிமைக்கு 'இசேகோரியா' என்று தனிப் பெயர் இருந்தது. பேச எழுந்தவன் மழுப்பாமல் பேசுவதுதான் பர்ரேசியா. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் அந்தச் சபையில் இடமே இல்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். இது சட்டம் கொடுத்த உரிமையா, வழக்கமாக வந்த பெருமையா என்பதில் அறிஞர்கள் ஒரே கருத்தில் இல்லை. வழக்கம் என்கிற பக்கம்தான் எனக்கு வலுவாகத் தெரிகிறது.

அங்கேயும் வரம்பு இருந்தது. ஒருவனைக் கொலைகாரன் என்றோ, பெற்றவர்களை அடித்தவன் என்றோ, போரில் கேடயத்தை எறிந்துவிட்டு ஓடியவன் என்றோ சொல்லிவிட்டு நிரூபிக்க முடியாவிட்டால் 500 திராக்மா அபராதம். பெற்றவர்களைக் காப்பாற்றாதவனும், கேடயத்தை எறிந்தவனும், தன்னை விற்றவனும், தகப்பன் சொத்தை அழித்தவனும் மேடையேறிப் பேசினால் வழக்குப் போடலாம். பேச வருகிறவனின் வாழ்க்கையையும் அந்த ஊர் விசாரித்தது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் வகுப்பில் இது வரவில்லை என்று நினைக்கிறேன். இந்தச் சொல்லுக்குக் கெட்ட அர்த்தமும் ஆரம்பத்திலிருந்தே உண்டு. யூரிப்பிடிஸின் கடைசிக் கால நாடகம் ஒன்றில், வாய்க்குக் கதவே இல்லாத ஒரு பேச்சாளி சபையில் எழுந்து மரண தண்டனை வேண்டும் என்று கூச்சல் போடுகிறான். அவன் நம்பியிருப்பது இரைச்சலையும் 'அறிவில்லாத பர்ரேசியா'வையும் என்று கவிஞர் எழுதுகிறார். பிளேட்டோ ஜனநாயக நகரத்தை வர்ணிக்கும்போது, அங்கே சுதந்திரமும் பர்ரேசியாவும் நிரம்பி வழிகிறது, அவனவன் இஷ்டப்படி நடக்கலாம் என்கிறார். அது பாராட்டு இல்லை. ஆனால் அதே பிளேட்டோவின் இன்னோர் உரையாடலில் சாக்ரடீஸ், ஒருவனுடைய உள்ளத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டியவனுக்கு மூன்று வேண்டும் என்கிறார்: அறிவு, நல்லெண்ணம், பர்ரேசியா. மூன்றும் ஒன்றாகத்தான் நிற்கின்றன. நல்லெண்ணத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்தக் கதவில்லாத வாய்தான். ஐசோக்ரடீஸ் என்ற ஏதென்ஸ் பேச்சுக்கலை ஆசிரியர் வேறு மாதிரி வருத்தப்படுகிறார். நம்முடையது ஜனநாயகம் என்கிறோம், ஆனால் ஊர் நன்மையைப் பற்றிக் கவலையில்லாத பேச்சாளர்களுக்கும் நாடகமேடையில் நகைச்சுவைக் கவிஞர்களுக்கும்தான் பர்ரேசியா இருக்கிறது என்று ஊர்ச்சபையைக் கடிந்துகொள்கிறார்.

ஏதென்ஸின் சுதந்திரம் போன பிறகு சொல் சாகவில்லை. இடம் மாறியது. சபையில் பேச ஒன்றும் இல்லாதபோது, அரசன் முன்னால் பேசுவதும் நண்பனிடம் பேசுவதும் பெரிய விஷயமாகிவிட்டன. ஃபிலோடெமுஸ் என்ற எபிகூரியத் தத்துவவாதி கி.மு. முதல் நூற்றாண்டில் பர்ரேசியாவைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து ஹெர்குலேனியம் நகரத்தை மூடியபோது அந்தச் சுருளும் கருகிப் புதைந்தது, பின்னால் துண்டு துண்டாக மீட்டார்கள். ஆசிரியர் மாணவனை எப்படித் திருத்துவது, எப்போது மென்மையாகச் சொல்வது, எப்போது கடுமையாகச் சொல்வது, முதியவர்களும் பெரிய பதவியில் இருப்பவர்களும் ஏன் கண்டிப்பை வெறுக்கிறார்கள் என்பதுதான் அதன் பேச்சு. அவர் திரும்பத் திரும்ப மருத்துவனை உதாரணம் காட்டுகிறார். நோயாளியைப் பார்க்காமல் மருந்து கொடுக்கிறவன் மருத்துவன் இல்லை.

முகஸ்துதி செய்கிறவனையும் நண்பனையும் எப்படிப் பிரித்தறிவது என்று புளுடார்க் எழுதிய நீண்ட கட்டுரைதான் உங்கள் கேள்விக்கு மிகவும் நெருக்கமானது. பர்ரேசியா நட்பின் அடையாளம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், முகஸ்துதிக்காரனும் அதை நடிக்கக் கற்றுக்கொண்டான் என்கிறார். அவன் சின்ன விஷயங்களில் கடிந்துகொள்வான்: பாத்திரம் போட்டது போட்டபடி கிடக்கிறது, முடிவெட்டு சரியில்லை, நாயைச் சரியாகக் கவனிக்கவில்லை. ஆனால் அதே மனிதன் பெற்றவர்களைக் கைவிட்டாலும், பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டாலும், மனைவியை அவமதித்தாலும் வாயே திறக்கமாட்டான். உண்மையான நண்பனுக்கும் புளுடார்க் கட்டுப்பாடு வைக்கிறார். கணவனை மனைவி முன்னாலும், தகப்பனைப் பிள்ளைகள் முன்னாலும், ஆசிரியரை மாணவர்கள் முன்னாலும் கண்டிக்கக் கூடாது. விருந்தில், குடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் ஆரம்பிக்கக் கூடாது. தன் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள வந்தவன் செய்வது குறைகூறல், பர்ரேசியா இல்லை என்கிறார். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட காலத்துக்கு மிக அருகில் வாழ்ந்த கிரேக்கர் ஒருவர் இந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. கூட்டத்தில் வைத்து ஒருவரின் குறையைச் சொல்வதற்குப் பர்ரேசியா என்று பெயர் வைத்தால் அவர் ஒப்புக்கொண்டிருக்கமாட்டார்.

சரி, பைபிளுக்கு வருவோம். எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்த யூதர்கள் இந்தச் சொல்லைச் சில இடங்களில்தான் பயன்படுத்தினார்கள். அதில் ஒன்று லேவியராகமம் 26:13. எகிப்தின் நுகத்தடியை முறித்து "உங்களை நிமிர்ந்து நடக்கப்பண்ணின" என்று நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இருக்கிறதே, அந்த நிமிர்வுக்குக் கிரேக்கத்தில் பர்ரேசியா என்று போட்டார்கள். அங்கே பேச்சே இல்லை. அடிமைத்தனம் போனவனின் முதுகு நிமிர்வதுதான் இருக்கிறது. யோபு 22:26, 27:10 இரண்டிலும் மனிதனுக்குக் கடவுள் முன்னால் பர்ரேசியா உண்டா என்ற பேச்சு வருகிறது. ஏதென்ஸ்காரர்கள் கனவிலும் நினைக்காத திருப்பம் இது. இயேசுவின் காலத்தில் வாழ்ந்த யூதத் தத்துவவாதி அலெக்சாந்திரியா ஃபிலோ, ஓர் அடிமை எஜமானிடம் எப்போது பர்ரேசியாவோடு பேசலாம் என்று கேட்டு, அவருக்குத் துரோகம் செய்யவில்லை என்று தன் மனசாட்சி சொல்லும்போது என்று பதில் சொல்கிறார். ஃபீட்ரா சொன்னதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயர்ச்சொல் 31 இடங்களிலும் அதன் வினைச்சொல் 9 இடங்களிலும் வருகின்றன. தமிழில் படிக்கும்போது இது ஒரே சொல் என்று தெரியாது, ஏனென்றால் மொழிபெயர்த்தவர்கள் இடம் பார்த்துப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டது சரிதான். யோவான் சுவிசேஷத்தில் வரும் 9 இடங்களில் பெரும்பாலும் எதிரே இருப்பது கூட்டம், அங்கே மறைவுக்கு எதிர்ப்பதமாக வருகிறது. 18:20இல் "நான் வெளியரங்கமாய் உலகத்துடனே பேசினேன்" என்று இயேசு பிரதான ஆசாரியனிடம் சொல்வது அப்படி. 16:29இல் உவமையாய்ப் பேசாமல் வெளிப்படையாய்ப் பேசுகிறீர் என்று சீஷர்கள் சொல்வது வேறு, அங்கே மறைபொருளுக்கு எதிர்ப்பதம். 11:54இல் அவர் யூதருக்குள்ளே வெளியரங்கமாய்ச் சஞ்சரிக்காமல் ஒதுங்கிப் போகிறார். அதுவும் பர்ரேசியாதான், அங்கேயும் பேச்சு இல்லை, நடமாட்டம்தான். அதோடு, பர்ரேசியாவைச் சில நேரம் ஒதுக்கிவைக்கலாம் என்பதும் அந்த வசனத்தில் தெரிகிறது.

அப்போஸ்தலர் நடபடிகளில் எதிரே நிற்பது அதிகாரம். 4:13இல் பேதுருவும் யோவானும் பேசுகிற தைரியத்தைக் கண்டு ஆலோசனைச் சங்கத்தார் ஆச்சரியப்படுகிறார்கள், காரணம் இருவரும் படிப்பறியாதவர்கள். ஏதென்ஸில் பிறப்பாலும் குடியுரிமையாலும் வந்ததை இந்த மீனவர்கள் எங்கிருந்து பெற்றார்கள் என்பதுதான் அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா காட்ட விரும்புவது. சில வசனம் தள்ளி, 4:29இல், சபையார் ஒன்றுகூடி அதைத் தங்களுக்குத் தரும்படி ஜெபிக்கிறார்கள். பிறவியிலேயே வாய்த்துடுக்கு உள்ளவர்கள் அப்படி ஜெபிக்க வேண்டியதில்லை. புத்தகத்தின் கடைசி வசனத்தில், காவலில் இருக்கும் பவுல் மிகுந்த தைரியத்துடனே தடையில்லாமல் பிரசங்கிக்கிறார். இந்த இடங்கள் எதிலும் இவர்கள் சக விசுவாசியின் குறையை எடுத்துச் சொல்வதற்காக இந்தச் சொல் வரவில்லை. சொல்லப்படுவது சுவிசேஷம், எதிரே இருப்பது தண்டிக்க வல்லவர்கள், ஆபத்து பேசுகிறவனுக்கு. வலுவுள்ளவன் வலுவில்லாதவனைக் கூட்டத்தில் நிறுத்திக் கேட்கும்போது இந்த மூன்றும் தலைகீழாகிவிடுகின்றன.

அப்படியானால் சக விசுவாசியிடம் பேசும்போது இந்தச் சொல் வரவே வராதா? வரும். பிலேமோனுக்கு எழுதிய கடிதம், 8ஆம் வசனம். ஒநேசிமு என்ற அடிமைக்காகப் பவுல் பரிந்து எழுதுகிறார். செய்ய வேண்டியதைச் செய் என்று உனக்குக் கட்டளையிட எனக்குக் கிறிஸ்துவுக்குள் நிறையப் பர்ரேசியா உண்டு, ஆனாலும் அன்பினிமித்தம் கெஞ்சிக் கேட்கிறேன் என்கிறார். தனக்கு அது இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதைக் கையில் எடுக்காமல் வைக்கிறார். உங்கள் வகுப்பு எடுத்தவரிடம் ஒரே ஒரு வசனத்தைக் காட்ட முடியும் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் பவுல் அந்தியோகியாவில் பேதுருவை எல்லோர் முன்பாகவும் எதிர்க்கிறார். அவர் சும்மா இருந்தாரே என்று யாரும் சொல்ல முடியாது. அந்த அதிகாரத்தில் பர்ரேசியா என்ற சொல் வரவில்லை என்பது உண்மை, ஆனால் சொல் வராததை வைத்துப் பெரிய முடிவு எடுக்கக் கூடாது. அங்கே கண்டிக்கப்பட்டவர் தலைவர், தவறு பந்தியில் எல்லோரும் பார்க்க நடந்தது, மற்றவர்களையும் இழுத்தது. இதற்குமேல் அதிலிருந்து பொதுவிதி எடுக்க நான் தயங்குவேன்.

எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபமும் யோவானின் முதல் நிருபமும் கடவுள் முன்னால் நிற்பதைப் பற்றியவை. "தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்" என்பது எபிரெயர் 4:16. இங்கே ஆராய்ச்சியாளர்களிடையே நிஜமான கருத்து வேறுபாடு உண்டு. இது உள்ளத்தில் உண்டாகும் நம்பிக்கையா, அல்லது உள்ளே நுழையக் கொடுக்கப்பட்ட அனுமதியா? 10:19 பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரவேசிப்பதற்கான பர்ரேசியா என்கிறது, அதனால் அனுமதி என்ற பக்கம் சாய்கிறேன். 10:35 அதை விட்டுவிடாதிருங்கள் என்கிறது, அது மனநிலையைப் போலவும் கேட்கிறது. இரண்டையும் பிரிக்காமல் வைப்பதே நல்லது என்று நினைக்கிறேன். 1 யோவான் 3:21, நம் இருதயம் நம்மைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருந்தால் தேவனிடத்தில் தைரியம் உண்டு என்கிறது. இது ஃபிலோ சொன்னதற்கு மிக அருகில் இருக்கிறது. இங்கே 'துணிந்து பேசு' என்று பிரசங்கித்தால் வசனம் கெட்டுப்போகும்.

இதே சொல் பிற்பாடு எகிப்தின் பாலைவனத் துறவிகளிடம் போய்ப் பாவமாகவே ஆகிவிட்டது. அப்பா அகத்தோன் என்ற துறவியிடம் ஓர் இளைஞன், சகோதரர்களோடு எப்படி வாழ்வது என்று கேட்கிறான். அவர்களிடம் பர்ரேசியா வைத்துக்கொள்ளாதே என்கிறார் அவர். அது எல்லோரையும் விரட்டி மரத்தின் கனிகளைக் கருக்கும் அனல்காற்று, அதைவிடக் கொடிய தீமை இல்லை என்கிறார். அவர் சொல்வது அளவு மீறிய உரிமை எடுத்துக்கொண்டு பேசிப் பழகுவதை. ஆனால் ஆர்த்தடாக்ஸ் போன்ற கிழக்குத் திருச்சபைகள் இன்றும் வழிபாட்டில் பரமண்டல ஜெபத்துக்குமுன், உம்மைப் பிதாவே என்று அழைக்கப் பர்ரேசியாவோடு துணியும்படி எங்களைத் தகுதிப்படுத்தும் என்று வேண்டுகின்றன. கடவுளிடம் கேட்டு வாங்க வேண்டியது, சகோதரனிடம் அடக்கிவைக்க வேண்டியது என்று ஒரே சொல் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

ஃபூக்கோ 1983இல் பெர்க்லியில் இதைப் பற்றித் தொடர்ந்து விரிவுரை ஆற்றினார், 1984இல் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்புவரை பாரிஸிலும் இதைத்தான் பேசினார். ஒளிக்காமை, உண்மை, ஆபத்து, விமர்சனம், கடமை என்ற ஐந்தும் சேர்ந்தால்தான் அது பர்ரேசியா என்பது அவர் கணக்கு. ஆபத்து கீழே இருப்பவன் மேலே இருப்பவனிடம் பேசும்போதுதான் வரும் என்பதை அவர் தெளிவாகப் பிடித்தார். யூரிப்பிடிஸைப் பற்றி அவர் சொல்வது மிகவும் பயனுள்ளது. கிறிஸ்தவ நூல்களைப் பற்றி அவர் சொன்னது குறைவு, அதை மட்டும் வைத்து அப்போஸ்தலர் நடபடிகளைப் படிக்க வேண்டாம்.

உச்சரிப்பு: பர்ரேசியா என்று சொன்னால் போதும், அழுத்தம் 'சி'யில் விழும். இன்றைய கிரேக்கர்கள் பரிசீயா என்பார்கள், ஒளிவுமறைவில்லாமல் பேசுவதற்கு அவர்களிடம் இன்னும் புழக்கத்தில் இருக்கிற சொல்தான். வகுப்பில் இதை மறுபடி எடுப்பதாக இருந்தால், சொற்பிரிப்பிலிருந்து ஆரம்பிக்காமல் பிலேமோன் கடிதத்தை முழுவதும் சத்தமாக வாசித்துவிட்டு ஆரம்பியுங்கள். 25 வசனம்தான், சில நிமிடம் ஆகும். அப்புறம் அப்போஸ்தலர் 4ஆம் அதிகாரத்துக்குப் போகலாம்.